எங்கள் பதிவுகளை எங்களுக்குக் காட்டுங்கள்: அரசிடம் உள்ள தனிநபர் பதிவேடுகள் குறித்த மக்கள் கோரிக்கைச் சாசனம்

ஒன்றிய அரசுக்கும், தமிழ்நாடு அரசுக்கும், நாம் வாக்களித்து அனுப்பிய நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், மக்கள் முன்னிலையில் இந்தக் கோரிக்கைகளை வைக்கிறோம்.

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது சுமார் 1 கோடியே 63 லட்சம் பெண்கள் விண்ணப்பித்தார்கள். 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வானார்கள். மீதமுள்ள ஐம்பது லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்தவை பெரும்பாலும் பதிவுகள்தான். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறதா, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடுகிறதா, நஞ்சை ஐந்து ஏக்கருக்கு மேலா, புஞ்சை பத்து ஏக்கருக்கு மேலா, வீட்டில் கார் உண்டா என்று அரசு பார்த்தது. நிராகரிப்புக்கான காரணத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பியதும், கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள் கொடுத்ததும் சரியான செயல்கள். அதை மனமாரச் சொல்கிறோம். ஆனால் நிராகரிக்கப்பட்ட ஒரு பெண்ணின் பெயரில் நான்கு சக்கர வாகனம் இருக்கிறது என்று எங்கோ ஒரு பதிவு சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த அலுவலகத்தின் பதிவு, யார் பதிந்தது, எந்த வண்டி எண், எந்த ஆண்டு என்பதைப் பார்க்காமல் அந்தப் பெண் எதை மறுப்பார்? "எங்களிடம் கார் இல்லை" என்று எழுதிக் கொடுக்கலாம். இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழுகிறது. பதிவை வைத்திருப்பவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

எங்கள் சாசனம் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. அரசு என்னைப் பற்றி எழுதி வைத்திருப்பதை நான் பார்க்க வேண்டும், தவறிருந்தால் திருத்த வேண்டும். அந்தப் பதிவில் வேலையில்லாத வேறெவரும் அதைப் பார்க்கக் கூடாது. அரசு தன் அதிகாரத்தையும் பணத்தையும் கொண்டு என்ன செய்கிறது என்பதை ஊரே பார்க்க வேண்டும். இன்று இந்த மூன்றும் தலைகீழாக நடக்கின்றன. என் பதிவு எனக்கு மறைக்கப்படுகிறது. அதே பதிவு திருடர்களுக்கும் தரகர்களுக்கும் கசிகிறது. அரசின் செயல்களோ தனியுரிமை என்ற பெயரில் மூடப்படுகின்றன.

பதிவேட்டை எதிர்த்து உயிரைக் கொடுத்த மண் இது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். கைரேகை வைக்கச் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ஒரு சாதியில் பிறந்ததற்காக மட்டும் பெயரும் ரேகையும் காவல் நிலையப் பேரேட்டில் ஏற்றப்பட்டன. பேரேட்டில் ஏறியவர் ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது, இரவில் ஆஜர் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பேரேட்டில் தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் உரிமை அவர்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் ஒழிந்தது. ஒரு பதிவேடு ஒரு மனிதனின் நடமாட்டத்தையும் மானத்தையும் எப்படிப் பறிக்கும் என்பதற்கு எங்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை.

சட்டம் இன்று எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, 1994-இல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு இதற்கு அடித்தளம் போட்டது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதைத் தடுக்க அதிகாரிகள் முயன்ற வழக்கு அது. தனி மனிதருக்குத் தொந்தரவின்றி வாழும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. அதே மூச்சில், அரசு அதிகாரி தன் அலுவல் கடமையில் செய்த காரியத்துக்கு அந்த உரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்றும் சொன்னது. எங்கள் சாசனம் கேட்பதன் சாரம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கழித்தும் அது சட்டப் புத்தகத்தில் முழுமையாக ஏறவில்லை.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை ஏற்றியிருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. 12-ஆம் பிரிவு திருத்தும் உரிமையைத் தருகிறது. இரண்டும் நாம் சம்மதம் கொடுத்து, அல்லது தானாக முன்வந்து கொடுத்த தரவுக்கு மட்டும்தான் பொருந்தும். மானியம், சான்றிதழ், உரிமம், உதவித் தொகை ஆகியவற்றுக்காக அரசு 7-ஆம் பிரிவின் மற்ற வழிகளில் கையாளும் தரவு இந்த உரிமைகளுக்கு வெளியே நிற்கிறது. கடைக்காரரிடம் உள்ள என் தொலைபேசி எண்ணைக் கேட்டுப் பார்க்கலாம். என் ரேஷன் அட்டையை ரத்து செய்த பதிவைக் கேட்க இந்தச் சட்டம் எனக்கு உதவாது. போதாததற்கு, 17-ஆம் பிரிவின் கீழ் ஒன்றிய அரசு தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு முழு விலக்கே அளிக்கலாம்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

1. எந்தெந்தப் பதிவேடுகள் இருக்கின்றன என்று முதலில் சொல்லுங்கள்

கர்ப்பிணி ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்ததும் பிக்மி எண் வருகிறது. பிள்ளை பள்ளியில் சேர்ந்ததும் எமிஸ் எண் வருகிறது. அதில் பிள்ளையின் சாதியும் மதமும் பெற்றோரின் தொழிலும் சேர்ந்தே ஏறுகின்றன. பிறகு ஆதார், குடும்ப அட்டை, பட்டா, ஓட்டுநர் உரிமம், மருத்துவக் காப்பீடு என்று நீள்கிறது. இவை நமக்குத் தெரிந்தவை. இவற்றையெல்லாம் குடும்பவாரியாக இணைக்கும் மாநிலத் தரவுத்தளம் இருப்பதும், காவல்துறையிடம் முக அடையாளத் தொகுப்பு இருப்பதும் செய்தித்தாளைப் பார்த்துத்தான் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது.

வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1974-இல் அமெரிக்கா இயற்றிய தனியுரிமைச் சட்டம், மத்திய அரசுத் துறை எதுவானாலும், மக்களைப் பற்றிய பதிவுத் தொகுப்பு ஒன்றை வைத்திருந்தால் அதை அரசிதழில் அறிவிக்க வேண்டும் என்று சொல்கிறது. இருப்பதே தெரியாத பதிவேடு இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே முடிந்தது இன்று இங்கே முடியும். ஒவ்வொரு துறையும் தன்னிடமுள்ள பதிவேடுகளை, எந்தச் சட்டத்தின்படி திரட்டுகிறது, என்னென்ன விவரம், எத்தனை ஆண்டு வைத்திருக்கும், வேறு எந்தத் துறைக்கு அல்லது ஒப்பந்த நிறுவனத்துக்குக் கொடுக்கிறது என்பவற்றோடு தமிழில் வெளியிட வேண்டும். பட்டியலில் வராத பதிவேட்டைக் கொண்டு ஒருவருக்குப் பாதகமான எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

2. என் பதிவை நான் பார்க்க வேண்டும்

இதை நீதிமன்றங்கள் துண்டுதுண்டாக ஏற்கெனவே தந்திருக்கின்றன. அரசு ஊழியரின் ஆண்டு ரகசிய அறிக்கையில் எழுதப்படும் ஒவ்வொரு குறிப்பையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-இல் தேவ் தத் வழக்கில் தீர்ப்பு வந்தது. தேர்வு எழுதிய மாணவர் தன் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கலாம் என்று 2011-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரிய வழக்கில் தீர்ப்பு வந்தது. விடைத்தாளைப் பார்க்கலாம் என்றால், நூறு நாள் வேலை அட்டை ஏன் நீக்கப்பட்டது என்ற கோப்பை ஏன் பார்க்கக் கூடாது? முதியோர் ஓய்வூதியம் ஏன் நின்றது என்று வி.ஏ.ஓ. எழுதிய அறிக்கையை அந்த மூதாட்டி ஏன் பார்க்கக் கூடாது?

சொந்தப் பதிவைக் கேட்பவருக்கு 30 நாளுக்குள் முழு நகல் தர வேண்டும். முதல் நகல் இலவசமாக இருக்க வேண்டும். கணினியில் உள்ளது மட்டும் போதாது. கோப்பின் ஓரத்தில் அதிகாரி எழுதிய குறிப்பும், கள ஆய்வு அறிக்கையும் சேர்ந்தே வர வேண்டும். கேட்பவர் ஏன் கேட்கிறார் என்று வினவக் கூடாது. இ-சேவை மையத்துக்குப் போனால்தான், ஓ.டி.பி. வந்தால்தான் என்று ஆக்கிவிடாதீர்கள். பேத்தியின் கைப்பேசி எண்ணைக் கொடுத்து ஆதார் எடுத்தவர்கள் கிராமங்களில் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தாலோ வாயாலோ கேட்டுப் பெறும் வழி இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அலுவலரே படித்துக் காட்ட வேண்டும்.

கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் தன் மக்கள் மீது எழுதி வைத்திருந்த கோப்புகளை, 1991 டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றி, 1992 ஜனவரி முதல் அந்தந்த மனிதர்களுக்கே ஒன்றிணைந்த ஜெர்மனி திறந்து காட்டியது. அந்த நாடு அதனால் இடிந்துபோகவில்லை.

3. திருத்தும் உரிமை வேண்டும், திருத்தும் வரை சோறு நிற்கக் கூடாது

இந்தக் கோரிக்கையில் எங்களுக்கு ஆத்திரமே அதிகம். 1980-களை ஒட்டி நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தை நம் மக்கள் யு.டி.ஆர். என்று சொல்வார்கள். அப்போது பழைய ஆவணங்களிலிருந்து புதிய பதிவேட்டுக்கு மாற்றியபோது ஏற்பட்ட பிழைகள் இன்னும் தீரவில்லை. பெயர் மாறியிருக்கும், தகப்பன் பெயர் மாறியிருக்கும், பரப்பு குறைந்திருக்கும், பக்கத்து நிலத்துக்காரரோடு கூட்டுப் பட்டாவாகியிருக்கும். எழுதியது அரசு ஊழியர். அலைவது நிலத்துக்காரர். அவர் தாய்ப்பத்திரம் தேடி, வில்லங்கச் சான்று போட்டு, வாரிசுச் சான்று வாங்கி, ஜமாபந்தியில் மனுக் கொடுத்து, ஆர்.ஐ., தாசில்தார், கோட்டாட்சியர், டி.ஆர்.ஓ. என்று படியேறுகிறார். அப்பா தொடங்கிய மனுவை மகன் தொடர்கிறார். அந்தப் பிழையால் வங்கிக் கடன் கிடைக்காமல், பயிர்க் காப்பீடு கிடைக்காமல், விற்கவும் முடியாமல் போன குடும்பங்களுக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

பிழை அரசின் பதிவில் நேர்ந்தது என்றால், அதைச் சரிசெய்யும் வேலையும் செலவும் அரசுடையதாக இருக்க வேண்டும். அசல் ஆவணம் அரசு அலுவலகத்திலேயே இருக்கும்போது அதன் நகலை மனுதாரரிடம் கேட்கக் கூடாது. 45 நாளுக்குள் திருத்த வேண்டும், அல்லது ஏன் திருத்த முடியாது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். மறுத்தால் "இந்தப் பதிவை உரியவர் மறுக்கிறார்" என்ற குறிப்பை அந்தப் பதிவிலேயே சேர்க்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஓரிடத்தில் திருத்தியது இணைந்துள்ள எல்லாத் தளங்களிலும் திருந்த வேண்டும். ஆதாரில் மாற்றியவர் ரேஷனுக்கு ஒருமுறை, வங்கிக்கு ஒருமுறை, பள்ளிக்கு ஒருமுறை என்று அலைவது நிற்க வேண்டும். பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொண்ட திருநருக்கு இந்த அலைச்சல் அவமானமாகவும் சேர்ந்து வருகிறது.

கணினி இரண்டு பதிவுகளை ஒப்பிட்டு ஒருவரை நீக்கினால் என்ன நடக்கும் என்பதைத் தெலங்கானா காட்டியிருக்கிறது. அங்கே கள விசாரணை இல்லாமல் ரத்து செய்யப்பட்ட சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகளை மீண்டும் சரிபார்க்கும்படி 2022-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஜார்க்கண்டின் சிம்தேகா மாவட்டத்தில் 2017-இல், ஆதாருடன் இணைக்கவில்லை என்று குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்ட பின், 11 வயதுச் சிறுமி பசியோடு இறந்துபோனாள். ஆகவே நாங்கள் கேட்பது இது: உணவு, ஓய்வூதியம், உதவித் தொகை எதையும் நிறுத்தும் முன்பு எந்தப் பதிவின் பேரில் நிறுத்தப்போகிறீர்கள் என்று தமிழில் நோட்டீஸ் கொடுங்கள். பதில் சொல்ல 30 நாள் கொடுங்கள். ஒரு அலுவலர் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். மேல்முறையீடு முடியும் வரை கொடுத்துவந்ததைத் தொடர்ந்து கொடுங்கள்.

4. கசிந்தால் சொல்லுங்கள், இழப்பீடு கொடுங்கள்

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவியின் அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை, காவல்துறையின் இணையதளம் வழியாகவே வெளியே வந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாறியபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது குற்றம் என்று எழுதிய அரசின் கையிலிருந்தே அந்தப் பெயர் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நீதிமன்றம் தலையிட்டதால் அந்த ஒருவருக்கு அது கிடைத்தது. மற்றவர்களுக்கு?

2017-இல் இணையம் மற்றும் சமூக ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கை, நான்கு அரசுத் தளங்களில் மட்டும் சுமார் 13 கோடி ஆதார் எண்கள் எவரும் பார்க்கும்படி கிடந்ததாகச் சொன்னது. 2023 ஜூனில் டெலிகிராம் செயலியில் கைப்பேசி எண்ணைத் தட்டினால், கொரோனா தடுப்பூசிக்காகக் கோவின் தளத்தில் கொடுத்த ஆதார், பாஸ்போர்ட் விவரங்கள் வந்து விழுந்தன. அப்போதும் கோவின் தளம் பாதுகாப்பாகவே இருக்கிறது என்றுதான் அரசின் பதில் இருந்தது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்தில் ஊடுருவல் நடந்தது. இவற்றில் எந்தக் கசிவிலாவது, உங்கள் விவரம் போய்விட்டது, கவனமாக இருங்கள் என்று உங்களுக்கு ஒரு கடிதம் வந்ததா?

கசிவு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அவர் மொழியில் அறிவிக்க வேண்டும். கசிவால் உண்டான நட்டத்துக்கும் மன உளைச்சலுக்கும் வழக்கின்றி இழப்பீடு கிடைக்கும் ஏற்பாடு வேண்டும். புதிய தரவுச் சட்டம் 250 கோடி வரை அபராதம் என்கிறது. அந்தப் பணம் முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது, பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாயும் வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில், நிறுவனங்கள் விஷயத்திலாவது இழப்பீட்டுக்கு ஒரு வழி இருந்தது. புதிய சட்டம் அதையும் நீக்குகிறது. இது அநீதி. அந்தப் பிரிவு நிலைக்க வேண்டும், அரசுத் துறைகளுக்கும் அது விரிய வேண்டும்.

5. யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்

கசிவுக்கு வெளியிலிருந்து ஊடுருவத்தான் வேண்டும் என்பதில்லை. உள்ளே கடவுச்சொல் வைத்திருப்பவர் ஒரு சொந்தக்காரருக்காக, ஒரு கட்சிக்காரருக்காக, ஒரு ரியல் எஸ்டேட் தரகருக்காக எட்டிப் பார்த்தால் போதும். என் பதிவைத் திறந்த ஒவ்வொரு அலுவலரின் பதவியும் தேதியும் காரணமும் தானாகப் பதிய வேண்டும். அதை நான் பார்க்க முடிய வேண்டும். எஸ்டோனியாவில் குடிமக்கள் இதைப் பார்க்கிறார்கள். இங்கேயும் ஆதாரில், கடந்த 6 மாதத்தில் எப்போதெல்லாம் நம் எண் சரிபார்க்கப்பட்டது என்று நாமே பார்க்கும் வசதி இருக்கிறது. ஆக இது முடியாத காரியம் இல்லை. நிலப் பதிவுக்கும் மருத்துவப் பதிவுக்கும் பள்ளிப் பதிவுக்கும் இதையே விரிவாக்குங்கள்.

6. காவல் நிலையப் பதிவுகள்

2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், 1920-ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. கைரேகையோடு கருவிழி, விழித்திரை, உடல் மாதிரிகள் வரை எடுக்கலாம், 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்கிறது. முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால், மேல்முறையீடுகளெல்லாம் முடிந்த பிறகு அழிக்க வேண்டும் என்ற ஒரு வரியும் உண்டு. அழித்தார்களா என்று விடுதலையானவருக்கு எப்படித் தெரியும்? அழித்ததற்கு எழுத்துச் சான்று அவர் கேட்காமலே வீட்டுக்கு வர வேண்டும்.

ஹிஸ்டரி ஷீட் திறக்கப்பட்ட நபருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும், எதிர்த்து முறையிட வாய்ப்பு வேண்டும், ஆண்டுதோறும் மறு ஆய்வு வேண்டும். பின்தங்கிய சமூகங்களையும் பழங்குடியினரையும் சேர்ந்த நிரபராதிகளின் பெயர்கள் இயந்திரத்தனமாக அந்தப் பேரேட்டில் ஏறுவதை 2024-இல் உச்ச நீதிமன்றமே கண்டித்து, தங்கள் நடைமுறையைத் திருத்தும்படி மாநிலங்களைக் கேட்டது. தமிழ்நாடு அதை முழுமையாக நிறைவேற்ற வேண்டும். சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றும் வரை, தெருவில் போகிறவரை நிறுத்தி முகத்தைப் படமெடுத்துத் தொகுப்போடு ஒப்பிடுவது நிறுத்தப்பட வேண்டும். நடந்துகொண்டிருக்கும் புலன்விசாரணைக் கோப்பைக் காட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

7. மறைக்க வேண்டியதை மறையுங்கள்

சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணம் முடிக்க விரும்புகிறவர்களின் பெயரும் முகவரியும் 30 நாள் அலுவலகப் பலகையில் ஒட்டப்படுகின்றன. அவர்களில் ஒருவர் வெளி மாவட்டத்தில் தங்கியிருந்தால், அவருடைய சொந்த ஊர் உள்ள மாவட்டத்துக்கும் நகல் போய் அங்கேயும் ஒட்டப்படுகிறது. சாதி மறுத்துக் காதலித்ததற்காக வெட்டிக் கொல்லும் மாநிலத்தில் இது கொலைகாரர்களுக்கு அரசு எழுதும் முகவரிக் கடிதம். அந்த அறிவிப்பு நீக்கப்பட வேண்டும். சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரறிந்த அறிவிப்பு தேவையில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கு, உயிருக்கு அஞ்சும் இணையரை எண்ணிப் பார்த்ததும் ஒரு காரணம்.

கொரோனா காலத்தில் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டித் தகரம் அடித்ததை மக்கள் மறக்கவில்லை. உரிய அதிகாரியின் நேரடி உத்தரவு இல்லாமல் அப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னபோது முதல் அலை ஓய்ந்திருந்தது. நோய், சாதி, கருக்கலைப்பு, மனநல சிகிச்சை பற்றிய பதிவுகள் சிகிச்சைக்கோ உரிமைக்கோ தேவைப்படும் அலுவலரைத் தாண்டிப் போகக் கூடாது. பள்ளியில் மாணவரின் சாதி விவரம் வகுப்பறையில் எவர் கண்ணிலும் படக் கூடாது.

8. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பழையபடி ஆக்குங்கள்

தனியுரிமை கேட்கும் நாங்களே இதையும் கேட்கிறோம், அழுத்தமாகக் கேட்கிறோம். இந்தியாவிலேயே முதலில் தகவல் அறியும் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, 1997-இல். நாடு முழுவதற்குமான சட்டம் 2005-இல் வந்தது. அதன் 8(1)(ஜே) பிரிவு தனிமனிதரின் அந்தரங்கத்தை ஏற்கெனவே காத்தது. பொதுக் காரியத்தோடு தொடர்பில்லாத, அநியாயமாக அந்தரங்கத்தில் நுழையும் தகவலை மறுக்கலாம் என்றது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்றது. புதிய தரவுச் சட்டத்தின் 44(3) பிரிவு இந்த அளவுகோல்களையெல்லாம் வெட்டிவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஒரே வரியாக்கிவிட்டது.

ராஜஸ்தானில் 1994-இல் கோட் கிரானா கிராமத்தில் மஸ்டர் ரோல் என்ற கூலிப் பதிவேட்டை மக்கள் முன் உரக்கப் படித்தபோதுதான், இறந்தவர் பெயரிலும் ஊரில் இல்லாதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டது வெளியே வந்தது. மஸ்டர் ரோல் முழுவதும் பெயர்கள்தான். ஒப்பந்ததாரருக்கும் பெயர் உண்டு, கோப்பில் கையெழுத்திட்ட அதிகாரிக்கும் பெயர் உண்டு. பெயர் இருப்பதாலேயே மறுக்கலாம் என்றால் ஊழலைக் கேட்க எந்தக் காகிதம் மிஞ்சும்? 8(2) பிரிவில் பொதுநலன் கருதித் தரலாம் என்று இருக்கிறதே என்று அரசு சொல்கிறது. இருக்கிறது. அதைத் தீர்மானிக்கும் பேனா, மறைக்க விரும்பும் அதே அலுவலகத்தின் கையில் இருக்கிறது. திருத்தப்பட்ட வரியில், தன் சொந்தக் கோப்பைக் கேட்பவருக்கு விலக்கு என்றுகூட எழுதவில்லை. நாளை என் தகவலை எனக்கே "தனிநபர் தகவல்" என்று மறுத்தால் வியப்பில்லை.

இன்னொன்றையும் மக்கள் கவனிக்க வேண்டும். 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது, ஆர்.டி.ஐ.யை வெட்டும் இந்தப் பிரிவு உடனே நடைமுறைக்கு வந்தது. குடிமக்களுக்கு உரிமை தரும் பிரிவுகள் 18 மாதம் காத்திருக்க வேண்டும். எது அவசரம் என்று அரசு கருதியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். 44(3) பிரிவை நீக்குங்கள்.

9. தீர்ப்பளிப்பவர் சுதந்திரமானவராக இருக்க வேண்டும்

புதிய தரவுச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை ஒன்றிய அரசே நியமிக்கிறது. மிகப் பெரிய பதிவுக் களஞ்சியத்தை வைத்திருப்பதும் அரசுதான். எதிர்க்கட்சித் தலைவரும் நீதித்துறையும் பங்கேற்கும் குழு அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாநிலத்துக்கு ஒரு கிளை வேண்டும், மதுரையிலோ தருமபுரியிலோ இருப்பவர் டெல்லிக்கு முறையிட வேண்டிய நிலை கூடாது. ஒன்றிய அரசு செய்யும் வரை காத்திராமல், தமிழ்நாடு அரசு தன் துறைகளின் பதிவுகளுக்கு இந்த உரிமைகளைத் தரும் சட்டத்தை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும். 1997-இல் முந்திக்கொண்ட மாநிலத்தால் இப்போதும் முடியும்.

படிக்கும் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். உங்கள் பட்டா, உங்கள் குடும்ப அட்டை, உங்கள் ஓய்வூதியம், நிராகரிக்கப்பட்ட உங்கள் விண்ணப்பம், இவற்றில் ஏதேனும் ஒன்றின் முழுக் கோப்பு நகலையும் கள ஆய்வு அறிக்கையையும் கேட்டு, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், "தனிநபர் தகவல்" என்று மறுத்தாலும், மேல்முறையீடு செய்யுங்கள். அந்த மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், இந்தக் கோரிக்கைகளுக்கு அதுவே சாட்சி. அடுத்து வரும் கிராம சபையில் இந்தச் சாசனத்தைப் படித்துத் தீர்மானமாக நிறைவேற்றி, பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.